வாச்சாத்தி வழக்கு

வாச்சாத்தி வழக்கு என்பது, தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம் அரூர் அருகேயுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூரில் 1992 ஜூன் 20 அன்றும் அதனைத் தொடர்ந்த நாட்களிலும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் அலுவலர்கள் நிகழ்த்திய வன்கொடுமைகள் தொடர்பான குற்றவியல் வழக்கு ஆகும். சந்தனக் கட்டைக் கடத்தலைத் தடுக்கும் தேடுதல் நடவடிக்கை என்ற பெயரில் ஊர் மக்கள் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன.

இவ்வழக்கில் 269 அரசு ஊழியர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணைக் காலத்தில் 54 பேர் இறந்துவிட்டனர். உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்டு உயிருடன் இருந்த அரசு ஊழியர் அனைவரும் தண்டிக்கப்பட்டதால், சட்ட அமலாக்கத் துறைகளின் பொறுப்புடைமை பற்றிய இந்திய வழக்குகளுள் இது முதன்மையான ஒன்றாகக் கருதப்படுகிறது.

அமைவிடமும் மக்களும்

வாச்சாத்தி, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சித்தேரி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. இம்மலைக்கு அருகில் கல்வராயன் மலை உள்ளது. கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்களைக் கொண்ட கல்வராயன் மலையின் பெரும்பகுதி இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும். சேர்வராயன் மலை, சவ்வாது மலை, பச்சைமலை ஆகியனவும் இதே தொடரைச் சார்ந்தவை.

இம்மலைகளில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர். பெயர் ஒத்திருப்பினும் இவர்கள் கேரளத்தின் மலையாள மொழி பேசுவோர் அல்லர், தமிழ் பேசுபவர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் இப்பெயர் வழங்குகிறது. வாச்சாத்தியிலும் இம்மக்களே மிகுதியாக வாழ்கின்றனர். மானாவாரி வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, விறகும் சிறு வனப் பொருட்களும் சேகரித்தல், கூலி வேலை ஆகியன இவர்களின் வாழ்வாதாரங்கள்.

பின்னணி

சந்தன மரமும் சட்டமும்

சந்தன மரம் தமிழ்நாட்டில் அரசின் கடுமையான கட்டுப்பாட்டில் இருந்து வந்தது. 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், சந்தனக் கட்டையை உரிமமின்றி வெட்டுவதையும் வைத்திருப்பதையும் கொண்டு செல்வதையும் குற்றமாக்குகிறது. சட்டப்படியான வரத்து குறைவாகவும் சந்தை விலை மிக அதிகமாகவும் இருந்ததால் கடத்தல் பெருகியது. 1980களிலும் 1990களிலும் தமிழ்நாடு, கருநாடக எல்லைக் காடுகளில் வீரப்பன் கும்பலின் செயற்பாடுகள் காரணமாக, காடு சார்ந்த சிற்றூர்கள் அனைத்தும் ஐயத்துடன் நோக்கப்பட்டன.

கடத்தல் தொழிலில் பல அடுக்குகள் உண்டு. மரத்தை வெட்டித் தலைச்சுமையாக இறக்குபவர் கூலியாள். கட்டைகளை வாங்கிச் சேர்ப்பவர், வண்டியில் ஏற்றி அனுப்புபவர், சோதனைச் சாவடிகளைக் கடக்க உதவுபவர், இறுதியில் விற்றுப் பொருளீட்டுபவர் என்போர் மேலடுக்குகளில் உள்ளனர். தேடுதல் வேட்டைகளில் பெரும்பாலும் அகப்படுபவர் முதல் அடுக்கினரே.

நிகழ்வுகள்

1992 ஜூன் 20

அன்று காலை சந்தனக் கட்டைகளைத் தேடி வனத்துறையினர் வாச்சாத்திக்குச் சென்றனர். அப்போது ஊராருக்கும் வனத்துறையினருக்கும் இடையே ஏற்பட்ட தகராறில் ஊரைச் சேர்ந்த ஒருவர் தாக்கப்பட்டார். பின்னர் வனத்துறை ஊழியர் ஒருவரும் காயமடைந்தார். இதனைத் தொடர்ந்து வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என மொத்தம் 269 பேர் அடங்கிய பெரும்படை ஊருக்குள் நுழைந்தது.

ஆண்களில் பலர் காட்டுக்குள் தப்பியோடிவிட்டனர். ஊரில் இருந்த பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோர் வீடுகளிலிருந்து வெளியே இழுத்து வரப்பட்டு ஊரின் ஆலமரத்தடியில் கூட்டப்பட்டனர். அங்கே தடிகளால் தாக்கப்பட்டனர். மறைத்து வைத்த சந்தனக் கட்டைகளை எடுத்துத் தர வேண்டும் எனக் கூறி இளம் பெண்கள் 18 பேர் தனியே பிரிக்கப்பட்டு, ஏரிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டனர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் அடங்குவார்.

காவலில் வைக்கப்படுதல்

அன்றிரவு பெண்களும் பிறரும் அரூர் வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே அடைத்து வைக்கப்பட்டனர். அங்கும் அவர்கள் துன்புறுத்தப்பட்டனர். பின்னர் கடத்தல் வழக்குகள் பதிவு செய்யப்பட்டு, அவர்கள் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். கைதானவர்களுள் 90 பெண்களும் 28 குழந்தைகளும் அடங்குவர். தமக்கு நேர்ந்ததை வெளியே சொன்னால் மேலும் துன்பம் நேரும் என மிரட்டப்பட்டதால், ஏற்கெனவே நடந்தவற்றைத் தொடக்கத்தில் எவரிடமும் கூற இயலவில்லை என அப்பெண்கள் பின்னர் சாட்சியமளித்தனர்.

ஊரின் அழிவு

அடுத்த நாட்களிலும் ஊரில் அழிவு வேலை தொடர்ந்தது. வீடுகளின் கூரைகள் பிரிக்கப்பட்டன. பாத்திரங்களும் பொருட்களும் நொறுக்கப்பட்டன. ஆடு, கோழி முதலியவை கொன்று உண்ணப்பட்டன. தானியங்களில் கண்ணாடித் துண்டுகள் கலக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு பயன்படுத்த இயலாதவாறு கெடுக்கப்பட்டது. கைதாகாமல் தப்பியோர் காட்டில் ஒளிந்து வாழ்ந்தனர். பல மாதங்கள் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கு குடியிருந்ததற்கான ஆதாரங்களாகிய குடும்ப அட்டை போன்ற ஆவணங்களையும் பலர் இழந்தனர்.

செய்தி வெளிவந்த விதம்

1992 ஜூலையில், தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினருக்குச் சித்தேரி மலைப் பகுதி மக்கள் வழியாக இச்செய்தி எட்டியது. சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகம் உள்ளிட்டோர் ஊருக்குச் சென்று பார்வையிட்டுச் சிறையில் இருந்தவர்களையும் சந்தித்தனர். அரசுத் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஊர் மக்களைச் சந்தனக் கடத்தல்காரர்கள் என்றே குறிப்பிட்டது.

மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளரும் மாநிலங்களவை உறுப்பினருமான அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உயர் நீதிமன்றத்தை நாடுமாறு உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியதால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

இதற்கிடையே, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி 1992 ஆகஸ்டில் வாச்சாத்திக்கு நேரில் சென்று ஆய்வு செய்து அறிக்கை அளித்தார். பாதிக்கப்பட்டோர் கூறியவற்றில் உண்மை உள்ளது என்பதை அவ்வறிக்கை காட்டியது. அரசு அமைப்பு ஒன்றே இவ்வாறு பதிவு செய்ததால், இதுவரை ‘கட்டுக்கதை’ என ஒதுக்கப்பட்ட முறையீட்டுக்கு வலு கிடைத்தது.

புலனாய்வு

மாநிலக் காவல்துறையினரே குற்றம் சாட்டப்பட்டோருள் இருந்ததால், அதே துறையின் புலனாய்வு நடுநிலையாக இருக்காது என முறையிடப்பட்டது. 1995 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை நடுவண் புலனாய்வுச் செயலகத்திடம் (சி.பி.ஐ.) ஒப்படைத்தது. நிகழ்வுக்கும் இவ்வுத்தரவுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இத்தகைய காலதாழ்வு பாலியல் வன்முறை வழக்குகளைப் பெரிதும் பாதிக்கும். உடலியல் தடயங்கள் எவையும் எஞ்சியிருக்கவில்லை. தாக்கியவர்களின் பெயர்களும் பாதிக்கப்பட்டோருக்குத் தெரியாது. எனவே அடையாள அணிவகுப்பு முதன்மையான சான்றாயிற்று. பாதிக்கப்பட்ட பெண்கள், வரிசையில் நிறுத்தப்பட்ட பலருக்கு நடுவில் தம்மைத் தாக்கியவர்களைத் தனித்தனியே அடையாளம் காட்டினர். எவரெவர் அன்று பணியில் அனுப்பப்பட்டனர் என்பதைக் காட்டும் அலுவலகப் பதிவேடுகளும் வண்டிப் பதிவுகளும் இத்தகைய வழக்குகளில் துணைச் சான்றுகளாகும். 1996இல் 269 பேர் மீது குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளுடன், 1989 ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டத்தின் கீழும் குற்றம் சாட்டப்பட்டது. இச்சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அச்சட்டம் வரையறுக்கும் குற்றத்தை அரசு ஊழியர் ஒருவர் செய்தால் குறைந்தது ஓராண்டுச் சிறை என அது வகுத்துள்ளது. பழங்குடியினர் பொருட்டுத் தாம் ஆற்ற வேண்டிய கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரையும் (அவர் இப்பிரிவினர் அல்லாதவராயின்) தண்டிக்க அதன் 4 ஆம் பிரிவு வழி செய்கிறது.

விசாரணையும் தீர்ப்பும்

அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு (2011)

விசாரணை ஒன்றரைத் தசாப்தம் நீடித்தது. சாட்சிகளான ஊர் மக்கள் ஒவ்வொரு முறையும் கூலி இழந்து, பயணம் செய்து நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருந்தது. முதலில் சிறுமியராக இருந்தோர் சாட்சியமளித்தபோது தாய்மார்களாக இருந்தனர். குற்றம் சாட்டப்பட்டோரில் பலர் இக்காலத்தில் பதவி உயர்வும் ஓய்வும் பெற்றனர்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிபதி சு. குமரகுரு தீர்ப்பு வழங்கினார். தண்டிக்கப்பட்டோர் விவரம் பின்வருமாறு:

வனத்துறையினர்: 126 பேர் (இந்திய வனப் பணி அலுவலர்கள் நால்வர் உட்பட)
காவல்துறையினர்: 84 பேர்
வருவாய்த் துறையினர்: 5 பேர்
மொத்தம்: 215 பேர்

வனத்துறையினர் 17 பேர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. அவர்களுள் 12 பேருக்கு 10 ஆண்டுகளும் 5 பேருக்கு 7 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏனையோருக்கு 1 ஆண்டு முதல் 3 ஆண்டுகள் வரை தண்டனை அளிக்கப்பட்டது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு (2023)

தண்டனை பெற்றோர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தனர். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கு நேரில் சென்று நிகழ்விடங்களைப் பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பு வந்து சரியாக 12 ஆண்டுகள் கழித்து, மேல்முறையீடுகள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்பட்டன.

அத்தீர்ப்பின் முக்கிய உத்தரவுகள்:

பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்கள் ஒவ்வொருவருக்கும், இறந்திருப்பின் அவர்களது குடும்பத்துக்கும், 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும்.
இத்தொகையில் பாதியை, அதாவது 5 இலட்சம் ரூபாயை, பாலியல் வன்முறைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும்.
பாதிக்கப்பட்டோருக்கு அல்லது அவர்தம் குடும்பத்தினருக்குத் தகுந்த வேலைவாய்ப்பு அல்லது சுயதொழில் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும்.
நிகழ்வின்போது பணியில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.
வாச்சாத்தியின் வாழ்வாதாரத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்த அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பதற்காகவே ஊர் மக்கள் பலியாக்கப்பட்டனர் என்ற கருத்தையும் நீதிமன்றம் தெரிவித்தது. சாட்சியங்களில் காணப்பட்ட சிறு முரண்கள், நீண்ட காலம் கடந்த நிலையில் இயல்பானவையே என்பதால், அவை வழக்கின் அடிப்படையைத் தகர்க்கவில்லை எனவும் கொள்ளப்பட்டது.

சட்ட முக்கியத்துவம்

குற்றவாளியாயினும் உரிமை உண்டு

வழக்கு நெடுகிலும் அரசுத் தரப்பின் முதன்மை வாதம், வாச்சாத்தி மக்கள் கடத்தலில் ஈடுபட்டனர் என்பதாகும். அது உண்மையாக இருந்தாலும், அதற்குரிய தண்டனையை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. இந்திய அரசமைப்பின் 21 ஆம் உறுப்புரை, சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவரது உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது. ‘எவரது’ என்ற சொல்லில் குற்றம் சாட்டப்பட்டவரும் அடங்குவார். ஓர் ஊரில் சிலர் மீது ஐயம் உள்ளது என்பதற்காக ஊரையே தண்டிப்பது கூட்டுத் தண்டனை ஆகும். இந்தியக் குற்றவியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

கூட்டுப் பொறுப்பு

தண்டிக்கப்பட்ட 215 பேருள் 198 பேர் பாலியல் வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர். தாக்குதல், சூறையாடல், சான்றுகளை மறைத்தல், கடமை தவறுதல் போன்றவற்றில் ஒவ்வொருவரின் பங்கும் கருத்தில் கொள்ளப்பட்டது. மேலதிகாரி பணித்ததால் சென்றோம் என்பது குற்றத்துக்கு விலக்காகாது. சட்டத்துக்குப் புறம்பான ஆணைக்குக் கீழ்ப்படிய எந்த ஊழியரும் கடமைப்பட்டவர் அல்லர். களத்துக்குச் செல்லாத மாவட்ட உயர் அலுவலர்கள் மீதும் நடவடிக்கை கோரியதன் மூலம், 2023 தீர்ப்பு பொறுப்பை மேல்நோக்கியும் நீட்டியது.

முன் இசைவுப் பாதுகாப்பு

அரசு ஊழியர் தம் அலுவல் கடமையின்போது செய்த செயலுக்காக அவர் மீது வழக்குத் தொடர அரசின் முன் இசைவு தேவை எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973இன் 197 ஆம் பிரிவு கூறியது. நேர்மையாகப் பணிபுரிவோரைப் பொய் வழக்குகளிலிருந்து காப்பதே இதன் நோக்கம். ஆயினும் குற்றம் செய்தோருக்கும் இதுவே கேடயமாவதாகக் குறை கூறப்பட்டு வந்தது. 2013 ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம், பாலியல் வன்முறை உள்ளிட்ட குறிப்பிட்ட குற்றங்களுக்கு இம்முன் இசைவு தேவையில்லை எனத் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218 ஆம் பிரிவும் இவ்விலக்கைக் கொண்டுள்ளது.

காவல் நிலையப் பாலியல் வன்முறை

மகாராட்டிரத்தில் 1972இல் மதுரா என அறியப்படும் பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்தில் வன்முறைக்கு உள்ளான வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதற்கு எதிராக எழுந்த நாடளாவிய போராட்டத்தின் விளைவாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண்ணிடம் அரசு ஊழியர் உறவு கொண்டது மெய்ப்பிக்கப்பட்டு, தாம் இசையவில்லை என அப்பெண் நீதிமன்றத்தில் கூறினால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்னும் விதி அப்போது சேர்க்கப்பட்டது. வாச்சாத்தி நிகழ்ந்தபோது இவ்விதி நடைமுறையில் இருந்தது. சட்டம் இருந்தும் அதனை இயக்க எவரும் முன்வராததே வாச்சாத்தியில் வெளிப்பட்ட குறைபாடாகும்.

கைது தொடர்பான பாதுகாப்புகள்

வாச்சாத்தியில் மீறப்பட்ட நெறிகள் சில அப்போதே சட்டத்தில் இருந்தன. சில பின்னர் வந்தவை. மாணவர்களும் பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான பாதுகாப்புகள் வருமாறு:

24 மணி நேர விதி: கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசமைப்பின் 22 ஆம் உறுப்புரை வழங்கும் அடிப்படை உரிமை. கைதுக்கான காரணத்தை அறிவதும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிப்பதும் அதே உறுப்புரையில் அடங்கும்.

டி. கே. பாசு நெறிகள்: 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் தெளிவான பெயர்ப்பட்டை அணிதல், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சி ஒருவரின் கையொப்பம் பெறுதல், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவித்தல், மருத்துவப் பரிசோதனை செய்தல் முதலியன இவற்றுள் அடங்கும்.

பெண்களின் கைது: கதிரவன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும், விதிவிலக்கான சூழல்களில் அன்றிப் பெண்களைக் கைது செய்யலாகாது என 2005 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வகுத்தது. விதிவிலக்கான சூழலிலும் பெண் காவல் அலுவலர் எழுத்து வழி அறிக்கை அளித்து நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும்.

காவல் இறப்பு மற்றும் வன்முறை: காவலில் ஒருவர் இறந்தாலோ காணாமற் போனாலோ, பெண் பாலியல் வன்முறைக்கு உள்ளானாலோ, காவல்துறைப் புலனாய்வுக்குக் கூடுதலாக நீதித்துறை நடுவர் விசாரணை நடத்த வேண்டும். இதுவும் 2005 திருத்தத்தால் வந்ததே.

இழப்பீடு: காவலில் நிகழும் உரிமை மீறலுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என நிலபதி பெகரா வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பொறுப்புடைமை அமைப்புகள்

வாச்சாத்தி நிகழ்ந்த 1992இல் இந்தியாவில் மனித உரிமை ஆணையம் இருக்கவில்லை. 1993 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகவே தேசிய மனித உரிமை ஆணையம் உருவானது. தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் 1997இல் அமைக்கப்பட்டது.

வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது தமிழ்நாடு, கருநாடகக் கூட்டு அதிரடிப்படையினர் செய்ததாகக் கூறப்பட்ட கொடுமைகளை ஆராய நீதியரசர் சதாசிவா தலைமையில் தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கையின் அடிப்படையில் 2007இல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. இக்களத்தைப் பின்புலமாகக் கொண்டது ச. பாலமுருகன் எழுதிய ‘சோளகர் தொட்டி’ (2004) என்னும் புதினம்.

பிரகாசு சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், காவல்துறையினர் மீதான முறையீடுகளை விசாரிக்க மாநில, மாவட்ட அளவில் தனி ஆணையங்கள் அமைக்க உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2013 ஆம் ஆண்டின் காவல் சீர்திருத்தச் சட்டம் இவற்றுக்கு வழி செய்தது. எனினும், ஆணையத்தில் அரசு அலுவலர்களும் காவல் உயர் அலுவலர்களுமே இடம் பெறுவதால் அது தற்சார்புடையதன்று என்ற திறனாய்வு உள்ளது. வனத்துறையினருக்கு எதிராக முறையிட இத்தகைய தனி அமைப்பு எதனையும் இவ்வுத்தரவு உருவாக்கவில்லை என்பது கருதத்தக்கது. வாச்சாத்தியில் தண்டிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் வனத்துறையினரே.

கல்வராயன் மலையும் ஒத்த சிக்கல்களும்

வாச்சாத்தி மக்களுடன் இன உறவுடைய மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை, மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் நீண்ட காலம் இருந்தது. ஜாகிர் முறையை ஒழிக்கும் சட்ட நடவடிக்கை 1960களில் தொடங்கிய போதிலும், 1976இல்தான் இம்மலை முழுமையாக அரசின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. அதுவரை மலைமக்கள் ஜாகிர்தார்களுக்கு ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. அரசின் சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை தாமதமாகவே வந்து சேர்ந்தன. கரியாலூர் போன்ற ஊர்களில் இன்று காவல் நிலையமும் வனத்துறை அலுவலகமும் உள்ளன. ஒரு மலைவாழ் குடும்பத்துக்கு ‘அரசு’ என்பது பெரும்பாலும் இவ்விரு துறைகளின் சீருடையினர் வழியாகவே அறிமுகமாகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தியதால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். இவ்வழக்கையும் 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நடுவண் புலனாய்வுச் செயலகத்துக்கு மாற்றியது. இந்நிகழ்வைத் தொடர்ந்து 2024 ஜூலையில், நீதிபதிகள் எஸ். எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கைப் பதிவு செய்து, சாலை முதலிய அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் விளக்கம் கோரினர். வறுமையும் வேலையின்மையும் நீடிக்கும் இடத்தில் சட்ட அமலாக்கம் மட்டும் தீர்வாகாது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

மரக் கடத்தல் தொடர்பான தேடுதல்களில் மலைமக்கள் உயிரிழப்பது வாச்சாத்திக்குப் பின்னும் தொடர்ந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சேசாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் கொல்லப்பட்டனர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்குச் சென்றவர்கள். சித்தேரி, சவ்வாது மலைப் பகுதிகளைச் சேர்ந்தோரும் அவர்களுள் அடங்குவர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. இறந்தோர் முன்னரே பிடிக்கப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர் என மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின.

தாக்கமும் திறனாய்வும்

வாச்சாத்தி வழக்கு இரு வேறு கோணங்களில் நோக்கப்படுகிறது. எழுத்தறிவும் செல்வாக்கும் அற்ற ஒரு சிற்றூரின் மக்கள், அரசின் மூன்று துறைகளுக்கு எதிராகச் சாட்சியத்தில் உறுதியாக நின்று வென்றனர் என்பது ஒன்று. சாட்சிகள் பிறழாமல் இருந்ததற்கு, ஊர் ஒற்றுமையும், மலைவாழ் மக்கள் சங்கம், வழக்கறிஞர்கள் ஆகியோரின் தொடர்ந்த துணையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

நீதி கிடைக்க முதல் நிலையில் 19 ஆண்டுகளும் மேல்முறையீட்டில் மேலும் 12 ஆண்டுகளும் ஆயின என்பது மற்றொன்று. 54 பேர் தீர்ப்பைக் காணாமலே இறந்தனர். பாதிக்கப்பட்டோரிலும் சிலர் இறுதித் தீர்ப்பைக் காணவில்லை. தண்டனை பெற்றோரில் பெரும்பாலோர் அதற்குள் பணிக்காலத்தை முழுமையாக முடித்திருந்தனர். தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியும் விரைவுமே அலுவலர்களின் அத்துமீறலைத் தடுக்கும் என்னும் கருத்துக்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காடு சார்ந்து வாழும் பழங்குடியினரின் நில உரிமையையும் சிறு வனப் பொருள் உரிமையையும் ஏற்பளித்தது. காட்டில் இருப்பவரை அத்துமீறி நுழைந்தவராகக் கருதும் பழைய அணுகுமுறைக்கு மாறாக, உரிமையாளராகக் கருதும் அணுகுமுறையை இச்சட்டம் முன்வைக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வருமிடத்து, தேடுதல் என்ற பெயரில் ஊருக்குள் நுழைவோருக்கும் ஊராருக்கும் இடையிலான உறவு மாறக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

கல்வராயன் மலை
சித்தேரி மலை
மலையாளிப் பழங்குடிகள்
பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989
வன உரிமைச் சட்டம், 2006
தேசிய மனித உரிமை ஆணையம்